கடல் கடந்த கைத்திறன்: சிங்கப்பூரும் அண்டை நாடுகளும் கண்ட தொழில்நுட்ப ஒத்துழைப்பு

முன்னுரை

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலை வட்டாரத்திற்குத் தமிழர் வழங்கிய பழைய பெயர்களுள் ஒன்று சுண்ணாம்புக் கம்பம் என்பதாகும். ஊர், குடியிருப்பு எனப் பொருள்படும் 'கம்போங்' என்னும் மலாய்ச் சொல் தமிழர் நாவில் 'கம்பம்' ஆயிற்று. சுண்ணாம்புக் காளவாய்களும் செங்கற் சூளைகளும் இங்கு இயங்கியமையால் இப்பெயர் அமைந்தது. இவ்வட்டாரம் இன்று லிட்டில் இந்தியா எனப்படுகிறது. 1989ஆம் ஆண்டு இது பாதுகாக்கப்படும் மரபுடைமை வட்டாரமாக அறிவிக்கப்பட்டது. பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் உணவகங்களையும் நாடி இங்கு வருவோருள் பழைய பெயரை அறிந்தோர் சிலரே. ஆயினும் அப்பெயர் ஒரு வரலாற்றுச் செய்தியைத் தாங்கி நிற்கிறது. இவ்வட்டாரத்தின் தோற்றத்தில் வணிகத்திற்கு உள்ள பங்கு தொழில்நுட்பத்திற்கும் உண்டு என்பதே அச்செய்தி.

தென்கிழக்காசியத் தமிழரின் பொருளியல் வரலாற்றை ஆராய்ந்தோர் இருவகைப் பெயர்ச்சிகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளிலிருந்து நகரத்தார் நடத்திய கொடுக்கல் வாங்கலாகிய மூலதனப் பெயர்ச்சி ஒன்று. தோட்டங்களுக்கும் துறைமுகத்திற்கும் ஆள் வந்த உழைப்புப் பெயர்ச்சி மற்றொன்று. மூன்றாவதாகிய திறன் பெயர்ச்சி இவற்றிடையே மறைந்து போயிற்று. சுதை பூசத் தெரிந்தவர், இரும்பைக் கடையத் தெரிந்தவர், கருவி செய்யத் தெரிந்தவர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் சென்றபோது அவருடன் அவர்தம் அறிவும் சென்றது. அவ்வறிவு எவரிடமிருந்து எவருக்குச் சென்றது? எவ்வகை ஏற்பாட்டின் வழியாகச் சென்றது? சென்ற இடத்தில் நிலைபெற்றதா? இம்மூன்று வினாக்களையும் சிங்கப்பூரை மையமாகக் கொண்டு நாம் இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

ஆய்வின் வசதிக்காக ஒரு வேறுபாட்டை முதலிலேயே குறித்துக்கொள்வோம். நாடுகளிடையே நிகழும் பொருளியல் ஒத்துழைப்பு இருவகைப்படும். ஒரு நாட்டில் நிலமும் கூலியும் மலிவு, மற்றொரு நாட்டில் மூலதனம் மிகுதி என்னும் நிலையில், அவ்வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொள்ளும் ஒத்துழைப்பு முதல்வகை. ஒரு நாடு அறிந்ததை மற்றொரு நாடும் அறியச் செய்து, அவ்வேறுபாட்டைக் குறைக்கும் ஒத்துழைப்பு இரண்டாம்வகை. இரண்டும் 'ஒத்துழைப்பு' என்னும் ஒரே பெயரால் வழங்கப்படுவதால் இவற்றின் விளைவுகளும் ஒன்றே என எண்ணிவிடுகிறோம். அவை ஒன்றல்ல என்பதை வரலாறு காட்டுகிறது.

சூளையும் சுதையும்

1819ஆம் ஆண்டு ராஃபிள்ஸ் இரண்டாம் முறையாகச் சிங்கப்பூர் வந்தபோது பினாங்கிலிருந்து அவருடன் வந்தவர் நாராயண பிள்ளை. தஞ்சோங் பகாரில் செங்கற் சூளை அமைத்த இவர், இத்தீவின் முதல் இந்தியக் கட்டட ஒப்பந்தக்காரராக அறியப்படுகிறார். வேலை பெருகவே, தச்சரையும் கொத்தரையும் துணி வணிகரையும் பினாங்கிலிருந்து வரவழைத்தார். 1827இல் சவுத் பிரிட்ஜ் சாலையில் மாரியம்மன் கோயில் எழவும் அவரே காரணர். ஒரு தனிமனிதரின் அழைப்பை ஏற்று, ஒரு துறைமுக நகரிலிருந்து அடுத்த துறைமுக நகருக்குத் திறன் பெயர்ந்த நிகழ்வு இது. உடன்படிக்கை எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

அடுத்து நிகழ்ந்த பெயர்ச்சியோ கட்டாயத்தால் நேர்ந்தது. 1824ஆம் ஆண்டின் ஆங்கில-டச்சு உடன்படிக்கையின்படி சுமத்திராவின் பென்கூலன் டச்சுக்காரர் வசமாயிற்று. அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் சென்னை, வங்காள மாகாணங்களைச் சேர்ந்தோர். அதுமுதல் 1873 வரை இந்தியக் கைதிகளின் உழைப்பிலேயே சிங்கப்பூரின் சாலைகளும் பாலங்களும் அரசுக் கட்டடங்களும் பெரிதும் எழுந்தன. சிராங்கூன் சாலைப் பகுதியில் அரசு நடத்திய செங்கற் களத்திலும் அவர்களே பணியாற்றினர்.

இவர்தம் கைவண்ணத்திற்குச் சிறந்த சான்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம். 1856இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட இவ்வாலயத்தை வடிவமைத்தவர் ரொனால்ட் மெக்பர்சன். இதன் உட்சுவர்களுக்குப் பூசப்பட்டது 'மதராஸ் சுண்ணம்' என்னும் சாந்து. மணல் சேராத சுண்ணாம்புடன் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரைக் கலந்து பூசினர். காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். செட்டிநாட்டு வீடுகளின் சுவர்களைத் தொட்டுப் பார்த்தோர்க்கு இப்பூச்சு புதிதன்று. கடற்காற்றும் ஈரமும் மிக்க ஊரில் சுவரைக் காப்பதற்கான அறிவு தென்னிந்தியக் கொத்தரின் மரபில் ஏற்கெனவே இருந்தது. அதுவே கடல் கடந்து வந்து சேர்ந்தது.

சிறையின் கண்காணிப்பாளராக இருந்த மெக்நேர், 'தமக்குத் தாமே காவலரான கைதிகள்' எனப் பொருள்படும் தலைப்பில் 1899இல் ஒரு நூலை வெளியிட்டார். கைதிகள் செங்கல் அறுக்கவும் தச்சு வேலை, கொல்லு வேலை செய்யவும் பழகிய முறையை அந்நூல் விவரிக்கிறது. சாந்தின் கலவை முறையும் அதில் உண்டு. ஆலயத்தை வடிவமைத்த பொறியாளரின் பெயரை அனைவரும் அறிவர். சுவரைப் பூசியோரின் பெயர்கள் நம் பொதுநினைவில் இல்லை. திறன் இங்கே பயன்பட்டது. ஆனால் திறனாளர் ஆசிரியராக மதிக்கப்படவில்லை. அவர்தம் கலையை அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கும் கூடம் எதுவும் அவர்தம் பணியிலிருந்து தோன்றவில்லை. கைதிமுறை ஒழிந்தபோது அப்பணியமைப்பும் அத்துடன் முடிந்தது.

உதகமண்டலம், கொழும்பு, சிங்கப்பூர்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே ஆசிய நாடுகள் தம்முள் கூடிப் பொருளியல் பேசும் அமைப்புகள் தோன்றின. 1947இல் ஐக்கிய நாடுகள் நிறுவனம் ஆசியாவுக்கும் தூரக்கிழக்கிற்குமான பொருளியல் ஆணையத்தை அமைத்தது. அதன் முதல் நிருவாகச் செயலாளர் பி. எஸ். லோகநாதன். இவர் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் பேராசிரியராக விளங்கிய தமிழர். ஆணையத்தின் மூன்றாம் அமர்வு 1948 சூனில் உதகமண்டலத்தில் நடைபெற்றது. ஐந்தாம் அமர்வு 1949 அக்டோபரில் சிங்கப்பூரில் கூடியது. விடுதலை பெற்ற நாடுகளும் பெறாத நாடுகளும் ஒரே அவையில் அமர்ந்து ஆசியாவின் பொருளியலை ஆய்ந்த முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்றாகும். அம்முயற்சியின் தொடக்கக் காலம் முழுவதும் ஒரு தமிழறிஞரின் பொறுப்பில் நடந்தது என்பதைத் தமிழ் மாணவர்க்கு நாம் சொல்லத் தவறிவிட்டோம்.

1950 சனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடினர். அக்கூட்டத்தின் விளைவாக உருப்பெற்ற கொழும்புத் திட்டம் 1951 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா ஆகிய ஏழும் இதன் தொடக்க நாடுகள். பொதுவுடைமை ஆசியாவில் பரவுவதைத் தடுக்கும் நோக்கம் மேலை நாடுகளுக்கு இருந்தது உண்மையே. ஆயினும் திட்டத்தின் ஒரு கூறாகிய தொழில்நுட்ப ஒத்துழைப்பு அந்நோக்கத்தையும் கடந்து பயன் தந்தது. பயிற்சிக்கு ஆளை அனுப்புதல், வல்லுநரை வரவழைத்தல், பயிற்சிக்குரிய கருவிகளை வழங்குதல் ஆகிய மூன்றும் அக்கூற்றின் பணிகள். உதவி பெறும் நாடே உதவி வழங்கும் நாடாகவும் இருக்கலாம் என்பது இத்திட்டத்தின் தனிச்சிறப்பு. இந்தியா மேலை நாடுகளிடம் பயிற்சி பெற்றது. அதே காலத்தில் நேபாளம், இலங்கை முதலிய அண்டை நாட்டவர்க்குத் தன் கல்லூரிகளில் இடமளித்தது.

இத்திட்டத்தில் சிங்கப்பூரின் இடம் படிப்படியாக மாறியது. தொடக்கத்தில் அது பிரிட்டனின் ஆட்சிப்பகுதி என்னும் நிலையிலேயே பயன்பெற்றது. 1955இல் திட்டத்தின் ஆலோசனைக் குழு சிங்கப்பூரில் கூடியது. விடுதலைக்குப் பின் 1966இல் சிங்கப்பூர் தன்னுரிமையுடன் உறுப்பு நாடாயிற்று. இத்திட்டத்தின் உதவித்தொகையால் வெளிநாடு சென்று பயின்றோர் பின்னர் நாட்டின் பொறுப்புகளை ஏற்றனர். கட்டடக் கலைஞராகிய ஓங் டெங் சியோங் கொழும்புத் திட்ட உதவித்தொகையில் லிவர்பூலில் நகரமைப்புப் பயின்றார். 1993இல் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் அதிபரானவர் இவரே.

கொழும்புத் திட்ட நாடுகள் 1973இல் தொழில்நுட்பர் கல்விக்கென ஓர் ஆசிரியர் கல்லூரியை நிறுவ முடிவு செய்தன. தொழிற்பயிற்சி ஆசிரியர்களையே பயிற்றுவிக்கும் அக்கல்லூரி தொடக்கத்தில் இயங்கிய இடம் சிங்கப்பூராகும். 1980களின் பிற்பகுதியில் அது மணிலாவுக்கு மாறியது. கைத்திறனைக் கற்பிப்போர்க்குக் கற்பிக்கும் நிலையம் ஒன்று இந்நகரில் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் செயற்பட்டமை, 'திறனாளர் ஆசிரியராக மதிக்கப்படவில்லை' என்று முற்பகுதியில் நாம் கண்ட குறைக்கு நூறாண்டுக்குப் பின் கிடைத்த விடை எனலாம்.

1972: டாட்டா பயிற்சி நிலையம்

கொழும்புத் திட்டம் அரசுகளுக்கிடையிலான ஏற்பாடு. தொழிற்கூடத்தோடு நேரடியாக இணைந்த திறன் பெயர்ச்சிக்குச் சிங்கப்பூர் வேறொரு வழியைக் கண்டது. அதில் முதலில் கைகொடுத்தது ஓர் இந்திய நிறுவனம்.

1961இல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் அமைக்கப்பட்டது. ஐ.நா. குழுவின் தலைவராக வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸின் பரிந்துரைகள் அதன் தொடக்கப் பணிக்கு அடிப்படையாயின. ஜூரோங்கின் சதுப்பு நிலம் தொழிற்பேட்டையாக மாறியது. 1968 சனவரியில் பிரிட்டன் தன் படைகளை விரைந்து திரும்பப் பெறுவதாக அறிவித்தது. படைத்தளங்கள் நாட்டின் வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அளித்து வந்தன. செம்பவாங் கடற்படைத் தளத்தில் பணியாற்றிய தமிழரும் மலையாளிகளும் உள்ளிட்ட பல்லாயிரவரின் வாழ்வு கேள்விக்குறியாயிற்று. தளம் கப்பல் பட்டறையாக மாற்றப்பட்டது. ஆனால் நாட்டின் புதிய தொழில்களுக்கு வேண்டிய கைத்திறன் போதிய அளவில் இல்லை.

குறிப்பாகப் பற்றாக்குறை நிலவியது துல்லியப் பொறியியலில் ஆகும். ஒரு வானொலிப் பெட்டியின் நெகிழி உறையோ ஒரு நிழற்படக் கருவியின் உலோக உறுப்போ ஆயிரக்கணக்கில் ஒரே அளவாக வெளிவர வேண்டுமானால், அவற்றை வார்க்கும் அச்சு முதலில் பிழையின்றி அமைதல் வேண்டும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினும் உறுப்புகள் பொருந்தா. இத்தகைய அச்சைக் கடைந்தும் சாணை பிடித்தும் உருவாக்கும் கைக்குப் பல ஆண்டுப் பழக்கம் தேவை. அச்சுக் கைவினைஞர் இல்லாத நாட்டில் பொருள்களைக் கோக்கும் வேலை மட்டுமே நடைபெறும். வேறெங்கேனும் கூலி குறைந்தால் அவ்வேலையும் அங்கே சென்றுவிடும்.

இப்பயிற்சியை எந்த நிறுவனமும் தனித்து ஏற்கத் தயங்குவதற்குக் காரணம் உண்டு. தான் செலவிட்டுப் பயிற்றுவித்த ஆளை அடுத்த நிறுவனம் சற்றே மிகுதியான ஊதியம் தந்து அழைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொருவரும் மற்றவர் பயிற்றுவிக்கட்டும் எனக் காத்திருப்பர். இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வே 1972இல் அமைந்த டாட்டா-அரசுப் பயிற்சி நிலையம். அரசு செலவில் பெரும்பங்கை ஏற்றது. டாட்டா நிறுவனம் பாடமுறையையும் பயிற்றுநரையும் அளித்தது. தன் சொந்தத் தொழிற்கூடத்திற்கு வேண்டியவர்க்கு மேலும் ஆளைப் பயிற்றுவிப்பது ஏற்பாட்டின் உயிர்ப்பகுதி. எஞ்சியோர் நாட்டின் பிற தொழில்களுக்குச் சென்றனர். எனவே ஒருவர் பயிற்றுவித்ததை மற்றவர் கவர்வது என்னும் பேச்சுக்கே இடமில்லாது போயிற்று.

இந்தியாவிலிருந்து இத்திறன் வந்ததில் வியப்பில்லை. டாட்டா குழுமம் 1921இலேயே ஜாம்ஷெட்பூரில் தொழில்நுட்பப் பயிற்சிக் கழகத்தை நிறுவியிருந்தது. அதன் டெல்கோ நிறுவனம் 1954 முதல் 1969 வரை ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் நிறுவனத்தோடு கூட்டு வைத்து வண்டி உற்பத்தியைக் கற்றது. ஜெர்மனியில் கற்றது இந்தியாவில் ஊன்றியது. இந்தியாவில் ஊன்றியது சிங்கப்பூருக்கு வந்தது. ஆசியாவின் தொழில்நுட்பம் மேற்கிலிருந்து நேரே வந்து இறங்கியது என்னும் பொதுக்கருத்தை இச்சங்கிலி மறுக்கிறது. இடையில் கற்றுத்தந்த ஓர் ஆசிய நாடு இருந்தது. தனக்கே மூலதனமும் அந்நியச் செலாவணியும் போதாதிருந்த காலத்தில் அது கற்றுத்தந்தது.

இந்த அமைப்பே பின்வந்த நிலையங்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1973இல் ரோலை நிறுவனத்துடனும் 1975இல் பிலிப்ஸ் நிறுவனத்துடனும் இதே வகைப் பயிற்சி நிலையங்கள் ஏற்பட்டன. பின்னர் அரசுகளுடன் கூட்டாக ஜப்பான், ஜெர்மனி, பிரான்சு ஆகியவற்றின் பெயர் தாங்கிய கழகங்கள் எழுந்தன. அவை 1990களின் தொடக்கத்தில் நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியுடன் இணைந்தன. ரோலை நிறுவனம் 1981இல் நொடித்துச் சிங்கப்பூரை விட்டு நீங்கியது. நிறுவனம் போயிற்று, அங்குப் பயின்றோரின் திறன் நாட்டிலேயே எஞ்சியது. வேறுபாட்டைக் குறைக்கும் ஒத்துழைப்பின் பயனை இதனினும் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

மாணவர் ஆசிரியரானமை

1980களின் இறுதியில் சிங்கப்பூரின் நிலை மாறியது. நிலமும் ஆளும் பற்றாக்குறையாயின, மூலதனம் பெருகியது. 1989 டிசம்பரில் அப்போதைய துணைப் பிரதமர் கோ சோக் டோங், சிங்கப்பூர், ஜொகூர், இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகள் ஆகியவற்றை இணைக்கும் வளர்ச்சி முக்கோணக் கருத்தை முன்வைத்தார். சிங்கப்பூர் மூலதனமும் மேலாண்மையும் தரும், மற்றவை நிலமும் ஆளும் தரும் என்பது அதன் அடிப்படை. பாத்தாம் தீவில் தொழிற்பேட்டை எழுந்தது, வேலைவாய்ப்புப் பெருகியது. எனினும் முக்கோணத்தின் ஆற்றல் மூன்று முனைகளும் சமமின்றி இருப்பதிலேயே அடங்கியிருந்தது. நாம் முதலில் குறித்த இருவகையுள் இது முதல்வகையைச் சார்ந்தது. 2025 சனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் கையெழுத்திட்ட ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் வட்டார உடன்படிக்கை அவ்வெண்ணத்தின் புதிய வடிவம். அதில் திறன் பயிற்சிக்கு எத்துணை இடம் கிடைக்கும் என்பதே அதன் தரத்தைத் தீர்மானிக்கும்.

முக்கோணம் உருவான அதே காலத்தில் இரண்டாம்வகை முயற்சியும் தொடங்கியது. சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம் 1992இல் அமைக்கப்பட்டது. இன்றுவரை 180க்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஒன்றரை இலட்சத்துக்கும் மிகுந்த அலுவலர்கள் இதன்வழிப் பயிற்சி பெற்றுள்ளனர். 2000ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த ஆசியான் உச்சிக்கூட்டத்தில், பின்தங்கிய உறுப்பு நாடுகளை முன்னேறிய நாடுகளோடு இணைக்கும் முன்னெடுப்பு அறிவிக்கப்பட்டது. அதன்படி கம்போடியா, லாவோஸ், மியன்மார், வியட்நாம் ஆகியவற்றில் சிங்கப்பூர் பயிற்சி நிலையங்களைத் திறந்தது. உதவித்தொகையில் பயின்ற நாடு உதவித்தொகை வழங்கும் நாடாயிற்று.

இந்தியாவுடன் உறவும் இக்காலத்தில் புதுப்பொலிவு பெற்றது. 1992இல் இந்தியா ஆசியானின் துறைசார் பங்காளியாயிற்று. பெங்களூரின் வைட்ஃபீல்டில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைக்கும் திட்டத்தில் சிங்கப்பூர்க் கூட்டமைப்பும் டாட்டா குழுமமும் நாற்பது விழுக்காடு வீதமும், கர்நாடக அரசின் தொழில் வளர்ச்சி வாரியம் இருபது விழுக்காடும் பங்கு கொண்டன. 1972இல் சிங்கப்பூருக்குக் கற்பித்த அதே டாட்டா, இருபதாண்டுக்குப் பின் சிங்கப்பூரின் பங்காளியாக மறுகரையில் நின்றது. 2005இல் சென்னைத் தரமணியிலும் இத்தகைய பூங்கா திறக்கப்பட்டது. அவ்வாண்டு சூன் 29 அன்று இந்தியாவும் சிங்கப்பூரும் விரிவான பொருளியல் ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. தடையற்ற மின்சாரம், முறையான பராமரிப்பு, ஒரே வளாகத்தில் எல்லா வசதிகளும் என்னும் நிருவாக அறிவை இப்பூங்காக்கள் கொண்டுவந்தன. ஆயினும் அவற்றினுள் பணிபுரியும் வாய்ப்பு பொறியியல் பட்டம் பெற்றோர்க்கே பெரிதும் கிட்டியது. கைவினைஞர்க்கு அவற்றில் இடம் குறைவு.

அக்குறையை ஓரளவு நிரப்பியது சிங்கப்பூரின் தொழில்நுட்பக் கல்விக் கழகம். கல்வியில் பின்தங்கியோர் சேரும் இடமாக ஒரு காலத்தில் தாழ்வாக மதிக்கப்பட்ட தொழிற்பயிற்சியை, மதிப்புடைய கல்வியாக உயர்த்திய அனுபவம் அதற்கு உண்டு. 2013இல் தில்லியில் திறன் மையம் தொடங்கவும், 2016இல் உதயப்பூரில் சுற்றுலாப் பயிற்சி மையம் திறக்கவும் அதன் துணை நிறுவனம் உதவியது. 2025 செப்டம்பரில் இரு நாட்டுப் பிரதமர்களும் தில்லியில் அறிவித்த திட்டங்களுள், உயர்நிலை உற்பத்தித் தொழிலுக்கான தேசியத் திறன் மையத்தைச் சென்னையில் சிங்கப்பூரின் துணையுடன் அமைப்பதும் ஒன்றாகும். 1972இல் இந்தியாவிலிருந்து புறப்பட்ட துல்லியப் பொறியியல் பயிற்சி என்னும் எண்ணம், ஐம்பதாண்டுக்கு மேல் கழிந்து தமிழகத்தின் கரைக்கு வருகிறது.

உடன்படிக்கையில் இடம்பெறாதோர்

இதுகாறும் நாம் கண்டவை அரசுகளும் நிறுவனங்களும் எழுதிய வரலாறு. ஞாயிற்றுக்கிழமை மாலையில் தேக்காவிலும் ரேஸ் கோர்ஸ் சாலையிலும் கூடுவோரிடம் மற்றொரு வரலாறு உள்ளது. கட்டுமானத்திலும் கப்பல் பட்டறைகளிலும் பணியாற்றும் தமிழக, வங்கதேசத் தொழிலாளர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும் காய்கறி வாங்கவும் ஊரவரைக் காணவும் இங்கு வருகின்றனர்.

இவர்களைத் திறனற்றோர் எனக் கருதுவது பிழை. சிங்கப்பூரின் கட்டட, கட்டுமான ஆணையம் திறன் மதிப்பீட்டுச் சான்றிதழ் முறையை நடத்துகிறது. அதற்கான தேர்வு நிலையங்கள் சென்னை உள்ளிட்ட வெளிநாட்டு நகரங்களில் இயங்குகின்றன. இரும்புக் கம்பி கட்டுதல், பலகை அடைத்தல், ஓடு பதித்தல், குழாய் பொருத்துதல், மின்கம்பி இழுத்தல் எனத் தொழில் தொழிலாகப் பயின்று தேர்வு எழுதியே இவர்களுள் பலர் விமானம் ஏறுகின்றனர். தமிழக ஊர்களில் இதற்கெனப் பயிற்சிக் கூடங்கள் உள்ளன. அங்குச் செலவிடும் தொகை பெரும்பாலும் தொழிலாளியின் குடும்பம் கடன்பட்டுத் திரட்டுவது. ஒரு நாட்டின் தொழில்தரம் மற்றொரு நாட்டின் சிற்றூரில் கற்பிக்கப்படுகிறது என்றால், அதுவும் தொழில்நுட்பப் பெயர்ச்சியே. ஆனால் 1972இல் பயிற்சிச் செலவின் பெரும்பங்கை அரசு ஏற்றது. இங்கோ கற்பவரே ஏற்கிறார். இவ்வேறுபாடு சிறிதன்று.

மேலும் ஒரு செய்தி தமிழாசிரியர்களின் கவனத்திற்கு உரியது. கட்டுமானத் தொழிலாளர்க்குரிய பாதுகாப்புப் பயிற்சி வகுப்புகள் சிங்கப்பூரில் தமிழிலும் நடத்தப்படுகின்றன. உயரத்தில் இடைவார் பூட்டுதல், சாரத்தின் பிடிமானம் அறிதல், மூடிய தொட்டிக்குள் இறங்குமுன் காற்றைச் சோதித்தல் ஆகியவற்றைத் தமிழில் புரிந்துகொள்ளும் தொழிலாளியின் உயிர், அப்பாடத்தின் தெளிவைச் சார்ந்துள்ளது. தொழில்நுட்பத் தமிழ் பற்றி நாம் கருத்தரங்குகளில் பேசுகிறோம். அது அன்றாடம் புழங்கும் இடங்களுள் இதுவும் ஒன்று என்பதை நாம் போதிய அளவில் உணரவில்லை. அங்கு வழங்கும் சொற்கள் மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகியவற்றின் கலவை. அவற்றைத் திரட்டிய அகராதி நமக்குத் தேவை.

2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் ஓர் இந்தியத் தொழிலாளி பேருந்து மோதி இறந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. 2020இல் கொரோனாத் தொற்று தங்கும் விடுதிகளில் மிகுதியாகப் பரவியது. இவ்விரு தருணங்களிலுமே பொதுமக்கள் இத்தொழிலாளர்களைப் பற்றி மிகுதியாகப் பேசினர். நெரிசல், மது, தங்கும் இடம், நோய் என்பன பேச்சின் பொருளாயின. அவர்தம் தொழிலறிவு பேச்சின் பொருளாகவில்லை. பத்தாண்டு இங்குப் பணியாற்றி ஊர் திரும்பும் ஒருவர் தன் மாவட்டத்தின் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆசிரியராக அமர்வதற்கு எந்த உடன்படிக்கையும் வழிசெய்யவில்லை. அவர் கற்றது அவரோடு நின்றுவிடுகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஆலயத்தின் சுவரைப் பூசியவரின் நிலையோடு இவர் நிலையை நாம் ஒப்பிடவில்லை. அவர் கைதி, இவர் ஊதியம் பெறும் உரிமையாளர். ஆயினும் திறனை ஏற்றுக்கொண்டு திறனாளரை ஆசிரியராக ஏற்காத போக்கு இரு காலத்தும் பொதுவாக உள்ளது.

முடிவுரை

இவ்வாய்வில் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஆசிய அண்டை நாடுகளிடையே திறன் பெயர்ந்த வரலாறு உடன்படிக்கைகளுக்கு முற்பட்டது. திறன் நிலைபெற்ற இடங்களிலெல்லாம் மூன்று கூறுகள் இருந்துள்ளன: கற்பிக்கும் கூடம், செலவைப் பொதுவில் ஏற்கும் ஏற்பாடு, கற்றவர் பின்னர்க் கற்பிக்கும் வாய்ப்பு. கொழும்புத் திட்டத்திலும் டாட்டா பயிற்சி நிலையத்திலும் இம்மூன்றும் இருந்தன. வளர்ச்சி முக்கோணத்திலும் தொழிலாளர் பெயர்ச்சியிலும் இவை முழுமையாக அமையவில்லை. சிங்கப்பூரின் உயர்வுக்கு மூலதன வரவே காரணம் எனச் சொல்வோர், அம்மூலதனம் தங்குவதற்கு இடம் தந்த கைகளையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

சென்னையில் அமையவுள்ள திறன் மையத்திற்கும் இதுவே அளவுகோல். அது சில நிறுவனங்களின் ஆள்தேவையை நிறைவு செய்வதோடு நின்றால் முதல்வகை ஒத்துழைப்பாகவே முடியும். தன் தேவைக்கு மேலும் பயிற்றுவித்து, சிங்கப்பூரில் பணியாற்றித் திரும்பிய தொழிலாளரையும் பயிற்றுநராக ஏற்குமானால், 1972ஆம் ஆண்டின் பாடம் பலித்ததாகும். அத்தொழிலாளரின் அனுபவம் சிங்கப்பூரின் தொழில்தரத்தை நேரில் அறிந்த அனுபவம். அதனைச் செலவின்றிப் பெறும் வாய்ப்பைத் தமிழகம் இழத்தல் கூடாது.

தமிழாய்வுத் துறைகளின் கடமையும் இங்கு உண்டு. சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகம் 1979 முதல் வாய்மொழி வரலாற்றைத் திரட்டி வருகிறது. செம்பவாங் தளத்தில் பணியாற்றியோர், 1970களின் பயிற்சி நிலையங்களில் பயின்ற தமிழர், இன்று தேக்காவில் கூடும் தொழிலாளர் ஆகியோரின் தொழில் நினைவுகளை மாணவர் வழியாகத் தமிழிலேயே பதிவு செய்யும் பணியை நாம் மேற்கொள்ளலாம். அவர்களிடம் கேட்க வேண்டியது எவ்வளவு துன்புற்றீர்கள் என்பது மட்டுமன்று. என்ன கற்றீர்கள், எவரிடம் கற்றீர்கள், எவருக்குக் கற்பித்தீர்கள் என்பனவுமாகும். சுண்ணாம்புக் கம்பம் என்னும் பெயரை வழங்கியோரிடம் இவ்வினாக்களைக் கேட்க எவரும் முன்வரவில்லை. இன்று இருப்போரிடம் கேட்பதற்குக் காலம் இன்னும் கடந்துவிடவில்லை.